புது .32 பிஸ்டல்: இறுக்கமும் குறி விலகலும்

கம்பம், போடி, குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களில் லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்கள் உண்டு. மாதக்கணக்கில் அலைந்து லைசென்ஸ் வாங்கி, கடையில் பணம் கட்டி, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே முதல் கேள்வி வரும்: "அண்ணே, ஸ்லைடை இழுக்கவே முடியல, பீஸ் மக்கரா?" இரண்டாவது கேள்வி, ரைபிள் கிளப்பில் பத்துத் தோட்டா சுட்ட பிறகு: "பத்து மீட்டர்ல ஒரு சாண் தள்ளி இடது பக்கம் கீழேயே போகுதுண்ணே, பேரல் கோணலா?"

பேரல், அதாவது குழல், கோணல் என்பது அநேகமாக நடக்காத விஷயம். ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பாகம், இறுக்கமாக இருப்பதும் பெரும்பாலும் அந்த வகைத் துப்பாக்கியின் பிறவிக் குணம். ஆனாலும் நூற்றில் சில நிஜமாகவே குறையோடு வரும். எது பழகினால் போகும், எது கடைக்குத் திரும்ப வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அரத்தைக் கையில் எடுப்பவர்கள்தான் நல்ல துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள். லைசென்ஸில் எழுதிய அளவுக்குத்தான் தோட்டா வாங்க முடியும். வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதுபோல இருநூறு தோட்டா சுட்டுப் பழக்குவது நமக்கு நடக்காது. அதனால் முக்கால்வாசி வேலையைத் தோட்டா இல்லாமல், கையாலேயே முடிக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வரிசை. முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டைக் கழற்றுங்கள். பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சேம்பரில் (பேரலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினில் இருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். தோட்டா விழுந்ததைப் பார்த்து "காலி" என்று நம்புகிறவர்களால்தான் விபத்து நடக்கிறது. ஸ்லைடைத் திறந்து பிடித்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தடவியும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கீழே வரும் எல்லா வேலையும் இந்த நிலையில்தான்.

ஸ்லைடு ஏன் இவ்வளவு இறுக்கம்

நம்மூரில் சாதாரண லைசென்ஸ்தாரர் கைக்கு வரும் சின்ன பிஸ்டல்கள் பெரும்பாலும் .32 ஏசிபி. 7.65 மி.மீ. என்றும் சொல்வார்கள். ஜான் பிரவுனிங் 1899-இல் வடிவமைத்த தோட்டா. இந்த அளவு பிஸ்டல்களில் பெரும்பாலானவை 'புளோபேக்' வகை. அதாவது, சுடும் நேரத்தில் ஸ்லைடையும் பேரலையும் பூட்டிவைக்கும் கொக்கி எதுவும் கிடையாது. தோட்டா வெடிக்கும் வேகத்தைத் தாங்கி நிற்பது ஸ்லைடின் எடையும் அதை முன்னால் தள்ளி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கின் பலமும் மட்டுமே. அதனால்தான் இதைவிடப் பெரிய, பலமான 9 மி.மீ. பிஸ்டலைக் காட்டிலும் சின்ன .32-இன் ஸ்லைடு கைக்குக் கடினமாக இருக்கும். 9 மி.மீ. பிஸ்டல்களில் பூட்டு இருப்பதால் ஸ்பிரிங்கை மென்மையாக வைக்க முடிகிறது.

அதனால் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெட்டினால் ஸ்லைடு சீக்கிரம் திறக்கும், அழுத்தம் முழுதாக இறங்கும் முன்னமே காலித் தோட்டா வெளியே வரப் பார்க்கும், ஸ்லைடு பின்னால் போய் அடிச்சட்டமான பிரேமில் ஓங்கி அடிக்கும். சில நூறு முறை அடித்தால் பிரேமில் விரிசல்.

ஸ்பிரிங்கைத் தொடாமலே இறுக்கத்தைக் குறைக்க வழி உண்டு. குதிரை (ஹாமர், பின்னால் இருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) வெளியே தெரியும் மாடலாக இருந்தால், முதலில் கட்டைவிரலால் குதிரையைப் பின்னால் சாய்த்து நிறுத்துங்கள், பிறகு ஸ்லைடை இழுங்கள். குதிரை கீழே இருக்கும்போது இழுத்தால் ரீகாயில் ஸ்பிரிங்கோடு குதிரையின் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ளுகிறீர்கள். குதிரையை முன்கூட்டியே சாய்த்துவிட்டால் அந்தச் சுமை கழிந்துவிடும். வித்தியாசம் உடனே தெரியும். பிடி பலவீனமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது ஒன்றே போதும்.

அடுத்தது கை வைக்கும் முறை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கவண் இழுப்பதுபோல. இரண்டு விரலுக்கு அந்தப் பலம் கிடையாது. இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து, நான்கு விரல்களும் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிமேடு மறுபக்கம் என்று பின்பகுதியில் உள்ள வரிப்பள்ளத்தை இறுகப் பிடியுங்கள். காலித் தோட்டா வெளிவரும் துவாரத்தைக் கை மூடக் கூடாது, முனைப்பக்கமும் போகக் கூடாது. பிஸ்டலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள். இடது கை அசையாமல் நிற்க, வலது கை பிஸ்டலை முன்னால் குத்தித் தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவதில் தோளும் மார்பும் சேர்ந்து வேலை செய்யும். இதில் ஒரு ஆபத்து: நெஞ்சருகே வைக்கும்போது முனை இடது பக்கம் திரும்பும், பக்கத்தில் நிற்கிறவர் மீது போகும். உடம்பைத் திருப்பிக்கொண்டு முனையைச் சுடும் திசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் ஸ்லைடு அசையவே இல்லை என்றால் சேஃப்டியை (தவறி வெடிக்காமல் தடுக்கும் லிவர்) பாருங்கள். சில மாடல்களில் சேஃப்டி போட்டால் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். 'ஜாம்' என்று கடைக்கு எடுத்துப்போகும் பிஸ்டல்களில் இந்த வகையும் உண்டு.

கிரீஸும் எண்ணெயும்

புதுத் துப்பாக்கியில் பூசி வருவது பெரும்பாலும் துருக்காப்புக் கிரீஸ். பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கத் துரு ஏறாமல் இருப்பதற்காகப் பூசுவது. உராய்வைக் குறைக்க அல்ல. மலைமேல் குளிரில் அது மெழுகுபோல ஆகிவிடும்; ஸ்லைடு முழுதாக மூடாமல் ஒரு நூல் அளவு நின்றுபோகும். புது பிஸ்டலின் முதல் வேலை அதைத் துடைத்தெடுப்பதுதான்.

கையேட்டில் சொன்னபடி ஸ்லைடு, ஸ்பிரிங் வரை மட்டும் கழற்றுங்கள். அதற்குமேல் ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பேரலைச் சுற்றி ஸ்பிரிங் இருக்கும் மாடல்களில் ஸ்பிரிங்கின் ஒரு முனை சற்றுக் குறுகலாக இருக்கலாம். எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் புது இறுக்கம் ஒன்று சேர்ந்துகொள்ளும், காரணம் தேடி அலைவீர்கள். டர்பன்டைன் நனைத்த பழைய பருத்தித் துணியால் உலோகப் பாகங்களைத் துடையுங்கள், பிளாஸ்டிக் பிடியில் படவேண்டாம். மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ். நன்றாகக் காயவிட்டு எண்ணெய்.

எண்ணெய் என்றால் துப்பாக்கி எண்ணெய். கிடைக்காவிட்டால் நல்ல தையல் மிஷின் எண்ணெய் தாராளமாகப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கதவுக் கீலில் இருந்து கத்தி வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவார்கள், பழக்கதோஷம் விடாது. அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். வண்டன்மேடு, பீர்மேடு மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. அந்தக் கட்டி உங்கள் ஸ்லைடு காடிக்குள்ளும் இருக்கும். உறையாவிட்டாலும் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகும். துருவெடுக்க எல்லோரும் வைத்திருக்கும் ஸ்ப்ரே வகைகளும் ஈரத்தை விரட்ட மட்டுமே. சீக்கிரம் ஆவியாகிவிடும், உராய்வுக்கு நிற்காது.

எவ்வளவு போடுவது? ஸ்லைடு ஓடும் இரண்டு காடியிலும் பக்கத்துக்கு ஒரு துளி. பேரலின் வெளிப்பக்கம் விரலில் தொட்டு ஒரு தடவல். குதிரையின் அச்சில் ஒரு துளி, சேஃப்டி லிவரின் அடியில் ஒரு துளி. மொத்தம் ஐந்தாறு துளி. மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம், சேம்பருக்குள் வேண்டாம், ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) ஓடும் துவாரத்தில் கண்டிப்பாக வேண்டாம். அங்கே எண்ணெய் தேங்கினால் தூசியோடு சேர்ந்து குழம்பாகி, பின் மெதுவாக அடிக்கும். டிக் என்று சத்தம் வரும், தோட்டா வெடிக்காது. எண்ணெய் கசிந்து தோட்டாவின் அடியில் உள்ள பிரைமருக்குள், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் மூடிக்குள், இறங்கினாலும் இதே கதைதான்.

பிறகு பழக்கம். காலி பிஸ்டலில் ஸ்லைடை முழுதாக இழுத்து, கையோடு கூடவே கொண்டுபோய் மூடுங்கள். ஒரு நாளைக்கு 50 முறை, ஒரு வாரம். தானாக அடித்து மூடவிடுவதைக் குறையுங்கள், பாகங்களுக்கு அது வீண் அடி. முந்நூறு முறைக்குப் பிறகு துடைத்தால் துணியில் கருப்பு மை மாதிரி வரும். அது உலோகத் தூள். மேடுகள் தேய்ந்து சமமாகின்றன என்று அர்த்தம். துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய்.

எந்த இறுக்கம் குறை, எது புதுசு

இதற்கு ஒரு எளிய பரிசோதனை உண்டு. இறுக்கம் ஓட்டம் முழுக்க ஒரே சீராக இருந்து, நாளுக்கு நாள் குறைந்தால் அது புதுசு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டி நின்று பிறகு விடுவித்துக்கொண்டால் அங்கே பிசிர் இருக்கிறது. எண்ணெயிட்ட பிறகும் நூறு முறையில் போகாவிட்டால் கடைக்குப் போக வேண்டும். முனையை மேலே தூக்கினால் ஒரு மாதிரி, கீழே சாய்த்தால் ஒரு மாதிரி என்றால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது குப்பை கிடக்கிறது. மேகசின் போட்டால் மட்டும் இறுக்கம், கழற்றினால் சரி என்றால் குற்றவாளி மேகசின்தான், பிஸ்டல் இல்லை.

சேஃப்டி லிவரும் இப்படித்தான். அதன் அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு பின், பின் விழ ஒரு குழி. புதுசில் குழியின் ஓரம் கூராக இருக்கும். கட்டைவிரலின் நுனியால் நெம்பினால் வலிக்கும், நகர்த்த முடியாது. விரலின் முதல் மடிப்பை லிவர் மேல் வைத்துக் கையோடு சேர்த்து அழுத்துங்கள். இருநூறு முறை மேலும் கீழும் போனால் ஓரம் மழுங்கும். சேஃப்டியைக் கீழே தள்ளினால் குதிரையும் சேர்ந்து இறங்கும் மாடல்கள் உண்டு. சேம்பரில் தோட்டா வைத்து அதைச் 'சோதித்துப் பார்க்கும்' வேலை எக்காரணத்துக்கும் கூடாது. மறுபக்கம், தொட்டாலே விழுகிற சேஃப்டி இறுகியதைவிட மோசம். அது பழக்கத்தில் சரியாகாது.

ஸ்லைடு பின்னால் நின்றுகொண்டு, அதை விடுவிக்கும் லிவரை எவ்வளவு அழுத்தினாலும் இறங்கவில்லையா? காலி மேகசின் உள்ளே இருக்கிறதா பாருங்கள். மேகசினின் மேல்தட்டு அந்த லிவரைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு ஸ்பிரிங்கோடு கட்டைவிரல் மல்லுக்கட்டுகிறது. மேகசினைக் கழற்றிவிட்டு ஸ்லைடைச் சற்றே பின்னால் இழுத்து விடுங்கள், தானே போகும். பழைய வடிவ மாடல்களில் வெளியே லிவரே இருக்காது, இழுத்து விடுவதுதான் வழி.

மேகசின்: .32-க்கே உரிய கோளாறு

மேகசினில் கடைசித் தோட்டா ஏறவில்லை என்பது எல்லாப் புது மேகசினிலும் உண்டு. ஸ்பிரிங் சில வாரத்தில் அடங்கும். அதுவரை ஒரு தோட்டா குறைத்துப் போடுங்கள். முழு மேகசினை மூடிய ஸ்லைடின் அடியில் செருகும்போது கடைசி மி.மீ.-இல் முட்டி நிற்கும். மேல் தோட்டா ஸ்லைடின் அடிப்பாகத்தில் இடித்து, ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்க வேண்டியிருப்பதால் அப்படி. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி 'கிளிக்' கேட்கும்வரை ஏற்றுங்கள். கேட்காமல் விட்டால் முதல் தோட்டா சுட்டதும் மேகசின் காலடியில் கிடக்கும்.

இனி சொல்லப்போவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. .32 ஏசிபி தோட்டாவின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு, தோட்டாவின் உடலைவிடச் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த விட்டத்தில் அரை மி.மீ. வித்தியாசம்தான், நகத்தில் தட்டுப்படும். 9 மி.மீ. தோட்டாவில் இது கிடையாது. மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு எப்போதும் கீழ் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஸ்லைடு மேல் தோட்டாவை முன்னே தள்ளும்போது அதன் விளிம்பு கீழ் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ரிம் லாக் என்பார்கள். ஸ்லைடு பாதியில் நிற்கும், மேகசினுக்குள் தோட்டாவின் மூக்கு கீழே குனிந்திருக்கும். எத்தனை முறை இழுத்து விட்டாலும் விடாது, இழுக்க இழுக்க இறுகும்.

மேகசினைக் கழற்றி, மேல் தோட்டாவின் பின்பக்கத்தைக் கீழே அமுக்கி, மூக்கைத் தூக்கி வெளியே எடுத்து, முதலில் இருந்து அடுக்குவதுதான் ஒரே வழி. வராமல் தடுக்க, ஒவ்வொரு தோட்டாவையும் முன்னாலிருந்து பின்னுக்குச் சாய்வாகச் செருகி, முடிவில் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டுங்கள். முனை குழிந்த தோட்டா நீளம் குறைவு, மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைப்பதால் இந்தக் கோளாறும் கூடுதல். உருண்டை முனைத் தோட்டாவே இந்தத் துப்பாக்கிக்குத் தோது.

தோட்டா வாங்கும்போது இன்னொன்று. .32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. கடையில் ".32 அம்பது" என்று சொன்னால் எதுவும் வரலாம். "பிஸ்டல் தோட்டா, ஏசிபி" என்று சொல்லி, பெட்டியில் படித்துப் பாருங்கள். ரிவால்வர் தோட்டா நீளமாக இருக்கும், பிஸ்டல் மேகசினில் நுழையாது.

குறி விலகல்

புளோபேக் பிஸ்டலில் பேரல் பெரும்பாலும் பிரேமோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். குறி தவற இயந்திரக் காரணம் மிகக் குறைவு. ஸ்லைடை ஆட்டிப் பார்த்து 'லூஸா இருக்கு, அதனாலதான்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த ஆட்டம் வேண்டுமென்றே விடப்பட்டது. பேரல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் மிச்சம் மூன்றே: சைட் (குறிபார்க்க மேலே இருக்கும் முன், பின் அடையாளங்கள்), டிரிகர் (விரலால் இழுக்கும் விசை), கை.

சைட் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. சின்ன பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 120 மி.மீ. என்று வையுங்கள். பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் 1 மி.மீ. ஒதுங்கி நின்றால் 10 மீட்டர் தூரத்தில் 10,000-ஐ 120-ஆல் வகுத்து, 83 மி.மீ. விலகல். கிட்டத்தட்ட நாலு விரல் அகலம். நீண்ட துப்பாக்கியில் மன்னிக்கப்படுகிற பிழையைக் குட்டைத் துப்பாக்கி அப்படியே பெரிதாக்கிக் காட்டும். 'இந்தச் சின்னது சரியில்லை' என்று சொல்லும்போது நிஜத்தில் அது கண்ணின் பிழையை உண்மையாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. கண் நிற்க வேண்டியது முன் சைட்டில். இலக்கு மங்கலாகத் தெரிவதுதான் சரி. நாற்பது தாண்டிப் படிக்கிற கண்ணாடி போடுகிறவர்களுக்கு முன் சைட் கலங்கும். அது கண் மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

டிரிகரின் கனத்தை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு போதும். காலி பிஸ்டல், கொக்கி டிரிகரின் நடுவில், நேர் பின்னால் மெதுவாக இழுத்து, குதிரை விழும் கணத்தில் முள் எங்கே நின்றது என்று பாருங்கள். ஐந்து முறை இழுத்துச் சராசரி. குதிரையை முன்கூட்டியே சாய்த்தால், அதாவது சிங்கிள் ஆக்‌ஷனில், 2 முதல் 3 கிலோ சாதாரணம். குதிரை கீழே இருந்து முழுதாக இழுக்கும் டபுள் ஆக்‌ஷனில் 5, 6 கிலோ வரலாம். சராசரியைவிட முக்கியம், ஐந்தும் ஒன்றுக்கொன்று அரை கிலோவுக்குள் இருக்கிறதா என்பது. ஒரு தடவை 2, அடுத்த தடவை 3.5 என்று துள்ளினால் அது ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், பார்க்க வேண்டிய விஷயம். நீங்களே உள்ளே தேய்க்காதீர்கள். குதிரையைப் பிடித்து நிறுத்தும் முனை ஒரு மயிரிழை அதிகம் தேய்ந்தாலும் ஸ்லைடு மூடும் அதிர்ச்சியிலேயே வெடிக்கும், ஒரு இழுப்புக்கு இரண்டு வெடிக்கும்.

டபுள் ஆக்‌ஷன் மாடலில் முதல் தோட்டா கனமான இழுப்பில் போகும், இரண்டாவதிலிருந்து குதிரை தானே சாய்ந்துகொள்வதால் லேசான இழுப்பு. ஒரே காகிதத்தில் இரண்டையும் கலந்து சுட்டுவிட்டு 'பரவுது' என்பது, ஆழாக்கையும் படியையும் கலந்து அளந்துவிட்டுக் கணக்கு உதைக்கிறது என்பது போல.

25 தோட்டாவில் முடியும் சோதனை

ரைபிள் கிளப் ரேஞ்சில் மட்டும். தோப்பில், தோட்டத்தில், கல்யாண வீட்டில் சுட்டுப் பார்ப்பது குற்றம்; அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2019 சட்டத் திருத்தப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதல் ஐந்து தோட்டா இயக்கம் பார்க்க மட்டும். குறி எங்கே விழுந்தது என்று கவலைப்படாதீர்கள். காலித் தோட்டா ஒவ்வொன்றும் ஒரே திசையில் தெறிக்கிறதா, ஸ்லைடு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். காலித் தோட்டா புகைக்கூண்டு மாதிரி ஸ்லைடில் நின்று மாட்டினால் பாதிக்கு மேல் மணிக்கட்டு தளர்ந்ததுதான் காரணம். கை பின்னால் கொடுத்துவிட்டால் ஸ்லைடு முழு தூரம் ஓடாது.

அடுத்த பத்து, மேஜைமேல் மணல் மூட்டை வைத்து, சிங்கிள் ஆக்‌ஷனில், 10 மீட்டரில், ஐந்து ஐந்தாக இரண்டு காகிதம். பிஸ்டலின் உலோகம் மூட்டையில் படக் கூடாது, மணிக்கட்டுதான் சாய வேண்டும். இதில் ஐந்தும் 5, 6 செ.மீ.-க்குள் விழுந்தால் துப்பாக்கி நல்லது. எங்கே விழுந்தாலும் சரி, கூட்டமாக விழுந்ததா என்பதுதான் துப்பாக்கியின் மார்க். மூட்டையில் வைத்தும் ஒரு சாண் பரவினால் வேறு பேட்ச் தோட்டாவில் ஒரு ஐந்து, வேறொருவர் கையில் ஒரு ஐந்து. அப்போதும் பரவினால் பேரலின் முனையில் அடிபட்ட தழும்பு, பேரலுக்குள் அழுக்கு, தளர்ந்த பின் சைட் என்று தேடலாம். கூட்டமாக விழுந்துவிட்டதென்றால் மிச்சம் பத்தில் ஐந்தை நின்றபடி சிங்கிள் ஆக்‌ஷனிலும் ஐந்தை நின்றபடி டபுள் ஆக்‌ஷனிலும் வேறு வேறு காகிதத்தில் சுடுங்கள்.

மூட்டையில் நடுவில் விழுந்தது, நின்று சுடும்போது இடது பக்கம் கீழே போகிறது என்றால் வலதுகைக்காரரின் பழைய வியாதி: வெடிக்கப்போகிறது என்று தெரிந்து ஒரு கணம் முன்பே கை இறுகி முனை கீழே குத்துகிறது. இடதுகைக்காரருக்கு இதுவே வலது கீழ். நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு இடையில் மருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றிரண்டைச் செருகச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடி இல்லாமல் முனை மட்டும் குனிவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். வாதாட இடமே இருக்காது. மேலும் கீழுமாக ஒரே கோட்டில் நீண்டால் மூச்சும் மணிக்கட்டும். வெறும் வலதுபக்கம் என்றால் கட்டைவிரல் அழுத்தமோ, டிரிகரில் விரல் அதிகம் நுழைந்ததோ.

மருந்து வீட்டில் உண்டு. சேம்பரில் ஸ்னாப் கேப் எனும் டம்மித் தோட்டா, எதிரே செங்கல் சுவர், முன் சைட்டின் மேல் ஒரு ஒரு ரூபாய் நாணயம். நாணயம் விழாமல் டிரிகரை இழுக்க வேண்டும். முதல் நாள் பத்தில் எட்டு விழும். தினம் 20 முறை, அதற்குமேல் வேண்டாம், விரல் களைத்தால் கெட்ட பழக்கம்தான் படியும். ஸ்னாப் கேப் இல்லாமல் வெறுமனே நூற்றுக்கணக்கில் சொடுக்கினால் சில மாடல்களில் ஃபயரிங் பின் உடையும்.

மூட்டையில் கூட்டமாக விழுந்து, ஆனால் கூட்டம் மொத்தமும் ஒதுங்கினால் மட்டும் சைட்டைத் தொடுங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டைத் தள்ள வேண்டும். அளவு: சைட் இடைவெளி பெருக்கல் விலகல், வகுத்தல் தூரம். 120 மி.மீ. இடைவெளி, 50 மி.மீ. இடதுவிலகல், 10 மீட்டர் என்றால் 0.6 மி.மீ. வலது பக்கம். பென்சிலால் கோடு போட்டுவிட்டு, பித்தளைப் பஞ்ச் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். இரும்புப் பஞ்ச் தழும்பாக்கும். கீழே விழுகிறதென்றால் முன் சைட் உயரம் அதிகம் என்று அர்த்தம், ஆனால் அரத்தை எடுக்கும் முன் வேறொன்று பாருங்கள்: கருப்பு வட்டத்தின் அடிவிளிம்பில் சைட்டை நிறுத்துகிறீர்களா, நடுவிலா? சில பிஸ்டல்களில் முன் சைட்டின் புள்ளி இலக்கை மறைக்கும்படி வைத்தால்தான் சரியாக விழும். நிறுத்தும் இடத்தை மாற்றினாலே 3, 4 செ.மீ. ஏறும். தேய்த்த இரும்பு திரும்ப வளராது.

சுடும்போது டிக் என்று மட்டும் கேட்டால் முனையை இலக்கிலேயே வைத்து 30 விநாடி காத்திருங்கள், தாமதித்து வெடிக்கலாம். வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வையுங்கள், அடுத்த முறை தோட்டா வாங்கும்போது கேட்கக்கூடும்.

சாரல் மாதங்கள்

ஜூன் முதல் நவம்பர் வரை இரண்டு மழையும் மாறிமாறி மலையில் இறங்கும். நன்றாகப் பழகிய ஸ்லைடு ஆகஸ்டில் திடீரென இறுகினால் துருவைச் சந்தேகியுங்கள். தோல் உறையில் போட்டே பீரோவில் வைப்பதுதான் முதல் காரணம். தோல் ஈரத்தை உறிஞ்சிவைக்கும், பதப்படுத்திய உப்பும் ரசாயனமும் உலோகத்தைத் தின்னும். உறை சுமக்க மட்டும். வைக்கும்போது எண்ணெய்த் துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு. நீல மணி வெளுத்து இளஞ்சிவப்பானால் அடுப்பில் சூடுகாட்டி மறுபடி நீலமாக்கலாம். தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் துடைத்துச் சுடாதீர்கள், தனியே ஒதுக்குங்கள்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்றிரண்டு மாதம் உங்கள் கண்ணில் படாது. கொடுக்கும் முன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எண்ணெய் தடவி, தோல் உறை இல்லாமல், காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் பேரலின் பின்புறம் டார்ச் அடித்து முனைப்பக்கம் காகிதம் வைத்துப் பாருங்கள், பேரலுக்குள் உள்ள சுருள் வரிகள் பளபளப்பாகத் தெரிய வேண்டும்.

கடைசியாக எல்லைக்காரர்களுக்கு. வீடு கம்பத்தில், தோட்டம் வண்டன்மேட்டில் என்பது இங்கே சாதாரணம். கம்பம்மெட்டோ போடிமெட்டோ குமுளியோ, செக்போஸ்டைத் தாண்டினால் வேறு மாநிலம். லைசென்ஸில் 'செல்லுபடியாகும் பகுதி' என்ற இடத்தில் தமிழ்நாடு மட்டும் என்று எழுதியிருந்தால் ஜீப்பின் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஏறுவதே குற்றம். பகுதியை நீட்டிக்க மனுப்போடுங்கள், வரும்வரை பிஸ்டல் இந்தப் பக்கமே இருக்கட்டும். கடையில் இருந்து எடுக்கும் அன்றே ஸ்லைடிலும் பிரேமிலும் உள்ள நம்பரை லைசென்ஸில் எழுதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எண் பிசகியிருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தாலும் லைசென்ஸ் உள்ள ஆர்மரரிடம்தான் கொடுக்க வேண்டும், ரசீதில் அதே நம்பர் இருக்க வேண்டும்.